கிளம்பிய நேரம், போன நேரம்

என் லேப்டாப்பில் ‘கைச்சரக்கு’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. கல்லூரி இரண்டாம் ஆண்டில் தொடங்கியது. கணினிக்கு நிரல் எழுதுகிறவர்கள் எல்லோரிடமும் இப்படி ஒன்று இருக்கும். பெயர்தான் வேறாக இருக்கும். ஒரு தேதியை வேறு வடிவத்துக்கு மாற்ற ஆறேழு வரி. நீளமான பட்டியலில் ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால் கண்டுபிடிக்க நாலு வரி. சர்வர் நின்றுபோனால் அதைத் தானாக எழுப்பிவிட ஒரு சின்னக் கோப்பு. ஒருமுறை கஷ்டப்பட்டு எழுதியதை மறுமுறை யோசிக்காமல் எடுத்து ஒட்டிக்கொள்வதற்காகச் சேர்த்துவைப்பது.

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இணையம் பாதி நாள் வேலை செய்யாது. மற்றவர்கள் தேடி எடுப்பதை நான் பென் டிரைவில் கொண்டுபோவேன். பரீட்சை வாரத்தில் என் மேஜையைச் சுற்றி நின்று கேட்டு வாங்கிப்போவார்கள். ஆங்கிலப் பள்ளியில் படித்துவிட்டு வந்தவர்களும் அதில் உண்டு. எனக்கு அது பிடித்திருந்தது. இப்போதும் அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ராசிபுரத்துக்குப் பக்கத்தில் கிராமம். அப்பா லாரி டிரைவர். அம்மா ஜவ்வரிசி மில்லில் காயப்போடும் களத்தில் வேலை செய்கிறாள். வேலை கிடைத்த புதிதில், பொழுதெல்லாம் உட்கார்ந்து என்னதான் செய்கிறாய் என்று அம்மா கேட்டாள். ஃபோல்டரைத் திறந்து காட்டி, எதற்கு எது என்று விளக்கினேன். முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

“அப்ப ஒருக்கா எழுதுனதையே திருப்பித் திருப்பி ஒட்டறதுக்குத்தான் சம்பளமா அம்மிணி?”

எங்கே ஒட்டுவது என்று தெரிய வேண்டுமல்லவா என்றேன்.

“அது போஸ்டர் ஒட்டறவனுக்குந்தான் தெரியோணும்” என்றுவிட்டு எழுந்து போனாள்.

ஆபீஸ் சேலத்தில், சூரமங்கலத்தில், ஜங்ஷனுக்குப் போகும் சாலையில் ஒரு பேட்டரிக் கடைக்கு மேல் மாடி. லாரிகளிலும் போர்வெல் ரிக் வண்டிகளிலும் ஜிபிஎஸ் பெட்டி பொருத்தி, வண்டி எங்கே இருக்கிறது, எப்போது புறப்பட்டது, எங்கே நின்றது என்று உரிமையாளருக்குக் காட்டும் மென்பொருள் எங்களுடையது. முதலாளியை நாங்கள் அண்ணா என்போம். திருச்செங்கோட்டுப் பக்கம், தோட்டமும் ரிக் வண்டிகளும் உள்ள குடும்பத்தில் பிறந்தவர். வண்டியை விட்டுவிட்டு வண்டியைப் பார்க்கும் பெட்டிக்கு வந்துவிட்டான் என்று அவருடைய அப்பா இன்னும் குறைப்பட்டுக்கொள்வாராம். வாடிக்கையாளர்களிடம் போனில் பேசும் அக்கா ஒருவர் இருந்தார். சேலம் டவுன்காரர், கிறிஸ்தவக் குடும்பம். யார் எவ்வளவு கத்தினாலும் குரல் உயர்த்தாமல் பேசி வைப்பார். வைத்த பிறகு சொல்வது வேறு.

எங்கள் மென்பொருள் எல்லோருக்கும் ஒன்றுதான். அது ஒவ்வொருவரிடமும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் சின்னக் கோப்பு ஒன்று தனித்தனியாக உண்டு. கான்ஃபிக் ஃபைல் என்போம். எவ்வளவு நேரம் அசையாவிட்டால் ‘வண்டி நிற்கிறது’ என்று காட்டுவது, யாருடைய போனுக்குச் சேதி அனுப்புவது, எந்த நாள் விடுமுறை என்று வரிக்கு ஒன்றாக இருக்கும். நிரலைத் தொடாமல் இந்த வரிகளை மாற்றினாலே போதும். ஒரு வரியின் முன்னால் ஒரு குறியைப் போட்டுவிட்டால் கணினி அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். அது மனிதர்கள் படிப்பதற்கு. அதற்குக் கமெண்ட் என்று பெயர்.

நான் ஒவ்வொரு வரிக்கு மேலும் காரணத்தைக் கமெண்டாக எழுதிவைப்பேன். தமிழில் எழுதுவேன். எனக்கு ஆங்கிலத்தில் எழுதத் தெரியும்; தமிழில் எழுதினால் சீக்கிரம் முடிகிறது. ஒரு கோப்பில் இப்படி இருந்தது: ‘தம்மம்பட்டிப் பக்கம் மலையோரமாகப் போகும்போது வெகுநேரம் சிக்னல் கிடைக்காது. டிரைவர் பெட்டியைக் கழற்றிவிட்டார் என்று முதலாளிக்குச் சேதி போய்ச் சண்டை வந்தது. ஆகவே இங்கே கூடுதல் நேரம்.’ ரிக் வண்டிக்காரர் ஒருவருடைய கோப்பில்: ‘அமாவாசை அன்று பூஜை. இன்ஜினை ஓடவிட்டு வண்டியை நிறுத்திவைப்பார்கள், வேலைக்குப் போக மாட்டார்கள். டீசல் வீணாகிறது என்று எச்சரிக்கை அனுப்ப வேண்டாம்.’

ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ‘பொறுப்பு’ என்று எழுதி, என் பெயரைத் தமிழிலேயே, அப்பாவின் முதலெழுத்தோடு எழுதுவேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

போன வருஷம் ஆடி முடிந்ததும் அண்ணா எங்களை உட்காரவைத்துப் பேசினார். வாடிக்கையாளர்கள் கூடிவிட்டார்கள், ஆளுக்கொரு கோப்பு என்று வைத்துக்கொண்டு இனிச் சமாளிக்க முடியாது. மூலக் கோப்பு ஒன்றுதான் இருக்க வேண்டும். மற்ற எல்லாம் அதிலிருந்து பிறக்க வேண்டும். அது ஒரே ஆளின் கையில் இருக்கும், அந்த ஆள் ஒப்புக்கொள்ளாமல் ஒரு வரியையும் யாரும் மாற்றக் கூடாது என்றார். அந்த ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததைச் சொல்லவும் செய்தேன்.

அண்ணா மேஜையைப் பார்த்தார். “உன்னால முடியாதுன்னு சொல்லுல அம்மிணி. பெங்களூருல இருந்து என்ற மச்சினன் வாரான். இத்தன வருசமா அவனுக்கு இதுதான் பொழப்பு. அவன உட்டுட்டு உனக்குக் குடுத்தா ஊட்டுல கேப்பாங்கல்ல.”

வீட்டில் என்ன கேட்பார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. அதுவே அவருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். அவரே ஒரு வழி சொன்னார். எங்கள் வாடிக்கையாளர்களிலேயே பெரிய லாரி ஷெட் நாமக்கல்லில் இருக்கிறது; அதிகம் சண்டை பிடிப்பதும் அதுதான். அந்த ஷெட்டை நடத்தும் அக்கா யார் செய்ததைச் சரி என்று சொல்கிறாரோ, மூலக் கோப்பு அவர் கையில். போன் எடுக்கும் அக்கா என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார். நான் சரி என்றேன்.

நாமக்கல் ஷெட்டின் வேலை அதற்கு முன்பே என்னிடம்தான் இருந்தது. அந்த அக்காவும் அவருடைய மாமனாரும் சேர்ந்து லாரிகளை நடத்துகிறார்கள். மகாராஷ்டிரம், குஜராத் என்று வடக்கே போய்த் திரும்ப வாரக்கணக்கில் ஆகும் ஓட்டம். அதை லைனுக்குப் போவது என்பார்கள். பெரும்பாலும் சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டுதான் வடக்கே போகும்.

முதலில் நாங்கள் டிரைவரின் போனில் ‘புறப்பாடு’ என்று ஒரு பச்சைப் பொத்தான் கொடுத்திருந்தோம். ஷெட்டை விட்டுக் கிளம்பும்போது அமுக்க வேண்டும். உடனே சரக்குக்காரருக்குச் சேதி போகும். அவர் அதைப் பார்த்து லோடுமேன்களை வரச்சொல்லிக்கொள்வார். சொல்லிக்கொடுத்தபோது எல்லா டிரைவர்களும் தலையாட்டினார்கள். எல்லோரும் பொத்தானை நல்ல நேரம் பார்த்து அமுக்கினார்கள். மறுநாள் அஷ்டமி என்பதால் ஒருவர் முந்தின நாளே அமுக்கிவிட்டு ஷெட்டில் கட்டிலைப் போட்டுத் தூங்கினார். கேட்டபோது, கிளம்பும்போது அமுக்கச் சொன்னீர்கள், அதனால்தான் நாள் பார்த்து அமுக்கினேன் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

பொத்தானை எடுத்துவிட்டு, வண்டி நகர்ந்தால் அதுவே புறப்பாடு என்று மாற்றினோம். இப்போது வண்டியே நல்ல நேரத்தில் நகர்ந்தது.

எங்கள் பக்கம் லைனுக்குப் போகும் வண்டியைச் சகுனம் பார்க்காமல் எடுக்க மாட்டார்கள். போக வேண்டிய நேரம் ராகு காலத்திலோ எமகண்டத்திலோ விழுந்தால், அதற்கு முன்பே நல்ல நேரத்தில் சூடம் காட்டி, எலுமிச்சம்பழத்தை டயருக்கடியில் வைத்து ஏற்றி, வண்டியை ஷெட்டுக்கு வெளியே எடுத்து, கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்திவிடுவார்கள். அதோடு பயணம் தொடங்கிவிட்டது. பிறகு டிரைவர் மெஸ்ஸுக்குப் போவார், முடி வெட்டிக்கொள்வார், எப்போது முடிகிறதோ அப்போது வந்து ஓட்டிப்போவார். பஞ்சாங்கத்தில் இதற்குப் பரஸ்தானம் என்று பெயர். என் அப்பா ‘எடுத்து வெக்கறது’ என்பார். காலையில் வண்டியை எடுத்து வைத்துவிட்டு மதியம் அவர் ஊருக்குள் வந்தால் அம்மா அவரை வீட்டுக்குள் விட மாட்டாள். கிளம்பின மனுஷன் திரும்பி உள்ளே வரக் கூடாது. வேப்பமரத்தடியில் நிற்பவருக்குத் தட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் போவார். அந்த நாட்களில் அப்பா ஊரில் இருக்கிறாரா என்று யாராவது கேட்டால் நான் இல்லை என்றுதான் சொல்வேன், அவர் கண்ணெதிரே நின்றாலும்.

அதனால் நாமக்கல் ஷெட்டுக்கு என்ன வேண்டும் என்று எனக்குப் புரிவதில் சிரமம் இருக்கவில்லை. ஒரு சின்ன நிரல் எழுதினேன். வண்டி ஷெட்டை விட்டு நகர்ந்து, பக்கத்திலேயே நின்று, அப்புறம் வெகுநேரம் அசையாமல் இருந்தால், நகர்ந்த அந்த நேரம் ‘கிளம்பிய நேரம்’. பைபாஸைத் தாண்டினால் அது ‘போன நேரம்’. கான்ஃபிக்கில் இரண்டும் இரண்டு வரி. சரக்குக்காரருக்குச் சேதி இரண்டாவதற்கு மட்டும். மேலே காரணத்தைக் கமெண்டாக எழுதினேன். அந்த நிரலைக் கைச்சரக்கிலும் ஒரு நகல் போட்டுவைத்தேன். அறிக்கைத் தாளில் இரண்டு நேரமும் அடுத்தடுத்து வந்தன. பெட்டிக்கு இப்பத்தான் ஊர்ப் பழக்கம் புடிபட்டிருக்குது என்று அந்த அக்கா போனில் சொன்னாராம்.

ஆவணியில் மச்சினன் வந்து சேர்ந்தார். நான் அவரை சார் என்றேன். அவர் என்னை நீங்க, வாங்க என்றுதான் கடைசிவரை பேசினார். பிறந்தது இந்தப் பக்கம் என்றாலும் படித்தது, வேலை பார்த்தது எல்லாம் பெங்களூர். அவரிடமும் ஒரு ஃபோல்டர் இருந்தது. முதல் வாரமே அதைத் திறந்து காட்டினார். நான் பார்த்ததிலேயே ஒழுங்கான ஃபோல்டர் அது. ஒவ்வொரு நிரலுக்கும் தேதி, எந்த வேலைக்கு, எதோடு சேராது என்ற குறிப்பு. நான் நாற்பது வரியில் எழுதியிருந்த ஒன்றை அவர் ஒன்பது வரியில் எழுதியிருந்தார். அதை அன்றே நகல் எடுத்துக்கொண்டேன். அவரும் என் கோப்புகளைப் படித்தார். சர்வரின் பாஸ்வேர்டை நான் கான்ஃபிக்கிலேயே எழுதிவைத்திருப்பதைக் காட்டி, இது முன்பின் தெரியாத ஆள் கையில் போனால் என்ன ஆகும் என்று கேட்டார். அது சரிதான். அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

அதற்கு மறுவாரம் நான் தங்கை கல்யாணத்துக்காக விடுப்பில் இருந்தேன். அவர் எல்லாக் கோப்புகளையும் சுத்தம் செய்தார். கமெண்டுகளை எடுத்தார்; கான்ஃபிக்கில் கதை எழுதக் கூடாது, தமிழ் எழுத்து இருந்தால் சில கருவிகள் முரண்டு பிடிக்கும் என்பது அவர் காரணம். ஒரே வேலையைச் செய்கிற மாதிரித் தெரிந்த வரிகளை ஒன்றாக்கினார். தலையில் இருந்த ‘பொறுப்பு’ வரியும் போயிருந்தது. திரும்பி வந்து கோப்பைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது அதுதான். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான் தெரிந்தன. கோப்பு பார்க்க அழகாக இருந்தது. ஒரு திரைக்குள் அடங்கியது.

கிளம்பிய நேரத்தையும் போன நேரத்தையும் ஒன்றாக்கியிருக்கிறீர்களே என்று கேட்டேன். புறப்பாடு என்றால் ஒன்றுதானே இருக்க முடியும், முதலில் நகர்வதுதான் புறப்பாடு என்றார். நாமக்கல் அக்கா ஒப்புக்கொள்ள மாட்டார் என்றேன். அவர் ஒப்புக்கொள்கிறாரா என்று பார்க்கத்தானே போகிறோம் என்றார். பந்தயத்தை அண்ணா அவரிடமும் சொல்லியிருக்கிறார் என்று அப்போது தெரிந்தது. கோப்பு இப்போது அவருடையது. அதற்கு வருவது எதுவாக இருந்தாலும் அவருக்கே வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

வந்தது சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து. அங்கே ஒரு ஜவ்வரிசி மொத்த வியாபாரிக்குக் காலையிலேயே ‘வண்டி புறப்பட்டது’ என்று சேதி போயிருக்கிறது. நாமக்கல்லில் புறப்பட்ட வண்டி வர எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்று அவர் லோடுமேன்களை வரவழைத்துக் கிடங்கில் உட்காரவைத்துவிட்டார். அந்தச் சந்தில் லாரி நுழைவதென்றால் சும்மா இல்லை. எதிர்க்கடைக்காரரிடம் சொல்லி, அவருடைய ஆட்டோவையும் தள்ளுவண்டியையும் நகர்த்தவைத்து இடம் பிடித்திருக்கிறார். வண்டி வரவில்லை. மதியமும் வரவில்லை. லோடுமேன்கள் வேறு வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். வண்டி சாயங்காலம்தான் வந்தது. அதற்குள் பாதிப் பேர் போய்விட்டார்கள். அடுத்த வாரமும் இதே மாதிரி நடந்தது. வியாபாரி நாமக்கல் அக்காவைக் கூப்பிட்டு, வடக்கே அனுப்பும் சரக்கை இனி வேறு ஷெட்டுக்குக் கொடுத்துக்கொள்கிறேன் என்றார். நாமக்கல் அக்கா எங்களைக் கூப்பிட்டார்.

போனை எடுத்த அக்கா வெகுநேரம் கேட்டுவிட்டு வைத்தார். “பெட்டிய எல்லாம் கழட்டிச் சாக்குல கட்டி வெச்சிருவாங்களாம். நம்ம வந்து எடுத்துக்கணுமாம்” என்றார் அண்ணாவிடம். பிறகு என் பக்கம் திரும்பி, “சாக்கு அவங்களே குடுப்பாங்களாம். அந்த வரைக்கும் நல்லவங்க” என்றார்.

நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அண்ணா எங்கள் இருவரையும் அனுப்பினார். மச்சினனுடைய காரில் போனோம். ஷெட்டுக்குள் நுழையும்போது அங்கே ஒரு வண்டி எடுத்து வைப்பதற்குத் தயாராக நின்றிருந்தது. டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. அக்காவின் மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். அவர் கையைத் தூக்கியதும் டிரைவர் வண்டியை எடுத்தார். ஷெட்டைத் தாண்டி, சாலையில் திரும்பி, எடைமேடையை ஒட்டி நிறுத்தினார். இறங்கினார். கதவைப் பூட்டிவிட்டு மெஸ் பக்கமாக நடந்தார்.

மச்சினன் தன் போனைப் பார்த்தார். ‘வண்டி புறப்பட்டது’ என்று அதில் வந்திருந்தது. எடைமேடைப் பக்கம் பார்த்தார். மெஸ்ஸுக்குள் நுழையும் டிரைவரைப் பார்த்தார்.

“இப்போ வண்டி கிளம்பிடுச்சா, இல்லையா?” என்று அக்காவிடம் கேட்டார்.

“கெளம்பிருச்சுங்க” என்றார் அக்கா. “இன்னும் போகுல.”

மச்சினன் போனைச் சட்டைப் பையில் போட்டார். “அப்போ இந்த முதல் நகர்வை விட்டுடலாமே. கணக்குலயே எடுக்க வேண்டாம்.”

“அதெப்புடிங்க உடறது? நேரம் பாத்து எடுத்து வெச்சது இதுதானுங்க. மாமா மொதல்ல கேக்கறதே இந்த நேரத்தத்தான். போனது எப்ப போனா அவருக்கென்ன? அது சரக்குப் பார்ட்டிக்குத்தான் வேணும்.”

பெரியவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். மச்சினனை ஏற இறங்கப் பார்த்தார். “ஏஞ்சாமி, முன்னால காகிதத்துல ரண்டு நேரம் வந்துட்டிருந்துது. நெம்ப நல்லாருந்துது. இப்ப ஏன் ஒண்ணாக்கிப் போட்டீங்க?”

மச்சினன் என்னைப் பார்த்தார். அது நான் சொல்ல வேண்டிய பதில் அல்ல. நான் எடைமேடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதவியிருக்கலாம் என்று பிறகு ஆபீசில் போன் எடுக்கும் அக்கா சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

“நான்தாங்க எடுத்தேன்” என்றார் மச்சினன். “ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுட்டேன்.”

பெரியவர் தலையாட்டினார். “சரி உடுங்க. வெளியூர்ல வளந்தவருக்கு ஆரு சொல்லிருப்பா” என்றார். பிறகு இருவரையும் மோர் குடிக்கச் சொன்னார்.

திரும்பும்போது ராசிபுரம் பிரிவு தாண்டியபின் மச்சினன் கேட்டார், பழைய கோப்பு இருக்கிறதா என்று. இருக்கிறது, தருகிறேன், ஆனால் முழுசாகத்தான் தருவேன் என்றேன். கமெண்டும் இருக்கும், தலையில் பெயரும் இருக்கும்.

“பேர் எதுக்கு? யார் எந்த வரியை மாத்தினாங்கன்னு சிஸ்டத்துலயே இருக்குமே.”

“கேட்டாத்தான் சார் அது சொல்லும். ஃபைலத் தொறந்த உடனே சொல்லாது.”

அவர் முன்னால் போன பஸ்ஸை முந்தினார். “கமெண்ட் இருக்கட்டும்” என்றார். “அந்தக் கமெண்டைப் படிச்சிருந்தா நான் தொட்டிருக்க மாட்டேன். நான் படிக்கலை. நீளமா இருந்ததுன்னு எடுத்துட்டேன்.” இன்னும் கொஞ்ச தூரம் போனபின், “பாஸ்வேர்டு மட்டும் திரும்பி வரக் கூடாது” என்றார். வராது என்றேன்.

அன்று மதியமே நாமக்கல் கோப்பை மட்டும் பழையபடி ஆக்கினேன். அடுத்து லைனுக்குப் போன வண்டிக்கு இரண்டு நேரமும் தனித்தனியாக வந்தன. செவ்வாய்ப்பேட்டைக்காரருக்கு ஒரே சேதிதான் போனது, வண்டியும் அதன் பின்னாலேயே போய்விட்டது. அவர் வேறு ஷெட்டுக்குப் போகவில்லை. அண்ணா நாமக்கல்லுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, என்னங்க முடிவு என்று கேட்டார். அந்த அக்கா சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. “அந்தப் புள்ள எழுதுனதே இருக்கட்டுங்க. உங்க மச்சினர் நல்ல மனுசன்தான், மோர் எல்லாம் குடிச்சாரு. ஆனா எங்க வண்டியில கை வெக்க வேண்டாம்னு சொல்லீருங்க.”

மச்சினன்தான் முதலில் சிரித்தார். நிரல் அவர் பொறுப்பு, மூலக் கோப்பு என் பொறுப்பு என்று அண்ணா பிரித்துக்கொடுத்தார். மச்சினனுக்கு அதில் வருத்தம் இருந்திருக்கலாம். காட்டிக்கொள்ளவில்லை. வீட்டில் யாரும் கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது.

மூலக் கோப்பை எப்படிக் கட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு தீர்மானம் இருந்தது. அவர் கட்டியிருந்த ஒழுங்கு நன்றாக இருந்தது. அதைக் கைவிட எனக்கு மனமில்லை. அந்த ஒழுங்குக்குள் என் வரிகளும் காரணங்களும் உட்கார வேண்டும். ரிக் வண்டிக்கு ஒரு பகுதி, லைன் லாரிக்கு ஒரு பகுதி, கோழித் தீவனம் ஏற்றும் வண்டிக்கு ஒரு பகுதி. ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்க்க ஒரு வாரமாவது வேண்டும் என்று அண்ணாவிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

“புதன்கிழமை காலையில நல்லாருக்குது. அன்னிக்கு ஏத்திரு” என்றார்.

புதன்கிழமைக்குள் முடியாது அண்ணா என்றேன். முடிய வேண்டாம், ஆரம்பித்தால் போதும் என்றார். அதற்குப் பிறகு அஷ்டமி வருகிறது, அப்புறம் நவமி, அப்புறம் அவர் மாமியார் வீட்டு விசேஷம். இது கம்பெனிக்கே அடிப்படையான கோப்பு, கண்ட நேரத்தில் தொடங்க விட மாட்டேன் என்றார். மச்சினன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

நான் இதையெல்லாம் நம்புகிறவள் அல்ல. படித்ததால் நம்புவதில்லை என்று சொல்ல வரவில்லை. சின்ன வயதிலேயே எனக்கு இதில் ஈடுபாடு இல்லை. ஆனால் அண்ணாவிடம் வாதாட வேண்டும் என்றும் தோன்றவில்லை. புதன்கிழமை காலை வழக்கத்தைவிட முந்தின டவுன் பஸ்ஸைப் பிடித்து ஆபீசுக்குப் போனேன். அண்ணா ஊதுபத்தி ஏற்றி வைத்திருந்தார். போன் எடுக்கும் அக்கா லட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபடி, “எங்க வீட்ல நேரம் பாக்கற வழக்கமில்ல. லட்டு சாப்பிடற வழக்கம் உண்டு” என்றார்.

மூலக் கோப்பு என்று பெயர் கொடுத்து ஒரு புதுக் கோப்பைத் திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. வெற்றுக் கோப்பை எங்கள் சிஸ்டம் ஏற்றுக்கொள்ளும். இருந்தாலும் ஒரு வரியாவது இருக்கட்டும் என்று தலையில் ‘பொறுப்பு’ என்று எழுதி, அப்பாவின் முதலெழுத்தோடு என் பெயரைத் தமிழில் எழுதினேன். கணினி படிக்காமல் தாண்டிப் போகும் குறியை முன்னால் போட்டேன். அண்ணா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் “ம்” என்றதும் சர்வரில் ஏற்றினேன்.

பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மச்சினன் குனிந்து திரையைப் படித்தார். “எடுத்து வைக்கறீங்களா?” என்றார்.

“ஆமாங்க சார்.”

அண்ணா அன்று ஒரு ரிக் வண்டிக்காரரைப் பார்க்கத் திருச்செங்கோடு போயிருந்தார். மதியத்துக்கு மேல் திரும்பி வந்ததும் முதல் வேலையாக என் மேஜைக்கு வந்தார்.

“கெளம்பிருச்சா அம்மிணி?”

“கெளம்பிருச்சுங்ணா.”

“போறது எப்ப?”

வெள்ளிக்கிழமை என்றேன். போனது அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை. கிளம்பிய நாளும் போன நாளும் பதிவில் இருக்கின்றன.